இடதுகைக்கு ஒரு கிட்டார்

லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மாமியாரும் கல்யாணமான நாளிலிருந்து பேசிக்கொண்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அரைப்பக்கம் தேறாது. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்பார் அவர். "ஆச்சு அத்தை" என்பான் இவன். அதோடு சரி. பகை ஒன்றும் கிடையாது, கூச்சம்தான். இரண்டு மாடி இடைவெளியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரைக் கொண்டுபோய் ஒரே மேடையில் நிறுத்தியது அந்தக் குடியிருப்பின் பாட்டுக் குழு. மருந்துக் கடைக்காரர் டிரம்ஸ். பள்ளிக்கூட பஸ் டிரைவர் கீபோர்டு. மாமியார்தான் பாடகி. ரயில் நிலையத்தில் வண்டி வருவதையும் தாமதமாவதையும் அறிவிக்கிற வேலை அவருக்கு. ஊரில் பாதிப்பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். தாலாட்டு மாதிரி ஒரு பாட்டைப் பாடி முடித்த கையோடு நாற்காலி அதிர ஆடவைக்கிற பாட்டுக்குத் தாவுவார். அந்தத் தாவலுக்கு ஈடுகொடுக்க வேண்டிய கிட்டார்காரன் மாப்பிள்ளை.

அவனிடம் இருந்தது இரவல் கிட்டார். அதுவும் வலதுகைக்காரர்களுக்கானது. இவனோ இடதுகை. தந்திகளை மாற்றிக் கட்டி, கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து எப்படியோ சமாளித்துவந்தான். குடியிருப்பின் ஆண்டு விழா நெருங்குகிற நேரம் பார்த்து, "என் அண்ணன் பையன் கத்துக்கணும்ங்கறான்டா" என்று இரவல் கொடுத்த நண்பன் வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மனைவி சிக்கனக்காரி. ஆனால் கல்நெஞ்சக்காரி இல்லை. அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள்.

"இதுக்குள்ள முடிச்சுக்குங்க. மேல ஒரு காசு கேட்டாலும் கிடையாது. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"அத்தை எதுக்கு?"

"பாடப்போறது அவங்கதானே? அப்புறம் சத்தம் சரியில்லைன்னு என்கிட்ட வந்து புலம்பக்கூடாது."

சனிக்கிழமை வேலை முடிந்து, கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே மாமியாரோடு கடைக்குப் போனான். சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. பார்க்கப் பார்க்க அவனுக்கு வாயூறியது. கடைக்காரப் பெண் அவன் விலையைச் சொல்லி நீட்டிய இடதுகையைக் கவனித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இடதுகையா? நீங்க சொல்ற விலைக்குள்ள ரெண்டுதான் சார் இருக்கு."

முதலாவது கறுப்பு. இரண்டு கொம்புகள் வைத்து, கோபக்கார ஆடு மாதிரி இருந்தது. தந்திகளுக்கு அடியில் இருந்து ஓசையை வாங்கிக்கொள்ளும் பிக்கப் இரண்டும் அதில் இரட்டைக் கம்பிச் சுருள். ஒலிபெருக்கும் ஆம்பில் செருகி ஒரு இழுப்பு இழுத்தான். கடைக் கண்ணாடி சிலிர்த்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதுதான் அத்தை! இதையே எடுத்துடலாம்."

"இருங்க மாப்பிள்ளை. அந்த மெதுவான பாட்டை வாசிங்க."

வாசித்தான். மாமியார் மெல்லிய குரலில் இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார்.

"கம்பளிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு."

இரண்டாவது பாலாடை நிறம். மூன்று பிக்கப்பும் ஒற்றைச் சுருள். அதில் மெதுவான பாட்டை வாசித்தபோது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, கழுவித் துடைத்துவைத்த கண்ணாடித் தம்ளர் மாதிரி ஒலித்தது. மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் ஆட்டப் பாட்டுக்காக ஓசையைக் கூட்டியதும் பாட்டுக்கு முன்னால் 'ங்ஙொய்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது.

"ஈ மொய்க்குது அத்தை" என்றான் அவன் திருப்தியோடு.

"மொய்க்கட்டும். குரலுக்கு இதுதான் பொருத்தம்."

"கறுப்புதான் மேடைக்கு எடுப்பு."

"மேடையில நிக்கப்போறது நான்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று. அவனுக்குக் காது சிவந்தது. மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளாச் சொல்லணும்னு. நான் பாட ஆரம்பிச்சதும் உங்க கிட்டார் அப்படியே அடங்கிடும். மாமியாருக்கு மரியாதை குடுக்கறீங்கன்னு எனக்குப் பெருமைதான். ஆனா பாட்டு கெட்டுப்போகுது. மரியாதையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

அவன் திருதிருவென்று விழித்தான்.

"மரியாதையெல்லாம் இல்ல அத்தை. தலைகீழாப் பிடிக்கறேன்ல, சத்தம் கூட்டற குமிழ் மேல் பக்கம் வந்துடும். வாசிக்க வாசிக்க முழங்கை பட்டு அதுபாட்டுக்குத் திரும்பிக் குறைஞ்சிடும்."

"அப்போ, இத்தனை நாளும் மரியாதையே இல்லையா?"

"அய்யோ, அது வேற இருக்கு அத்தை!"

மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். ரயில் நிலையம் முழுவதும் எட்டுகிற குரலில் சிரித்தால் கடை தாங்குமா? புல்லாங்குழல் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கும் அடக்க முடியவில்லை.

இவர்களின் கலகலப்பைப் பார்த்த கடைக்காரப் பெண், உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தாள்.

"இதைக் காட்டவே யோசிச்சேன். ஒருத்தர் வாங்கி மறுநாளே திருப்பிக் குடுத்துட்டார். ஸ்விட்ச் கரகரங்குது. அதனால விலை குறைச்சிருக்கோம். கலரும் கொஞ்சம் அப்படி இப்படித்தான்."

கொஞ்சமா? பழுத்து அழுகப்போகிற பேரிக்காயின் நிறம். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெக்கானிக்கின் கண்ணோ வேறு இடத்தில் இருந்தது. கழுத்துப் பக்கமும் நடுவிலும் ஒற்றைச் சுருள், கடைசியில் மட்டும் இரட்டைச் சுருள். எதைப் பேசவைப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்ச்.

கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தான். ஓரத்தில் விரலை ஓட்டினான், குறுக்கே பதித்த கம்பி எதன் முனையும் கீறவில்லை. தந்திகளை நன்றாக இழுத்து வளைத்து விட்டுப் பார்த்தான், சுருதி அசையவில்லை. ஆம்பில் செருகியதும் மாமியார் சுவரைப் பார்த்தபடியே மெதுவான பாட்டைத் தொடங்கினார். தம்ளர்கள் மாதிரித் தெளிவாக வந்தது. அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டப் பாட்டுக்குத் தாவினார். அவன் ஸ்விட்சைத் தட்டினான். 'கரக்' என்றது. அடுத்த நொடி கண்ணாடி சிலிர்த்தது. ஈ இல்லை, கம்பளி இல்லை. மாமியார் மெல்லத் திரும்பிக் கிட்டாரைப் பார்த்தார்.

"கண்ணை மூடிக்கிட்டா நல்லாத்தான் இருக்கு."

"அந்தக் கரகரப்பு ஒண்ணுமில்ல அத்தை. உள்ள தூசி. லிஃப்ட் பட்டன்ல தினமும் பார்க்கறதுதான். பையிலேயே ஸ்ப்ரே இருக்கு, இப்பவே..."

மாமியார் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"முதல்ல பில் போடட்டும். சரி பண்ணிட்டா விலையை ஏத்திடப் போறாங்க" என்று ரகசியமாகச் சொன்னார்.

அவருடைய ரகசியம் தெருவரைக்கும் கேட்டது. கடைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏத்த மாட்டேம்மா. தாராளமாப் பண்ணச் சொல்லுங்க, எனக்கும் பாக்கணும்."

ஸ்விட்சின் இடுக்கில் இரண்டு பீச்சு பீச்சி, முன்னும் பின்னுமாக நன்றாக ஆட்டினான். கரகரப்பு போய்விட்டது. சொன்ன விலையிலேயே பில் போட்டாள், தோளில் மாட்டும் பட்டையைச் சும்மாவே கொடுத்தாள்.

ஆண்டு விழாவன்று கூடம் நிறைந்திருந்தது. கிட்டாரைப் பார்த்ததும் மருந்துக் கடைக்காரர், "இதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மாமியாருக்குச் சுருக்கென்றது. "வாசிக்கறப்ப கேளுங்க, அப்புறம் பேசுங்க" என்று மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அவர் பதில் சொன்னார்.

முதல் பாட்டு மெதுவானது. இரண்டாவதும் அப்படித்தான். பாதியில் மூன்றாம் வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவதை மாமியார் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பேசிவைத்த வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்டப் பாட்டின் முதல் சொல்லை வீசினார். கீபோர்டுகாரர் திகைத்துக் கையைத் தூக்கிவிட்டார். டிரம்ஸ் ஒரு அடி தவறியது. மெக்கானிக் ஸ்விட்சைத் தட்டித் தந்திகளில் இறங்கினான். முழங்கை எங்கும் இடிக்கவில்லை, ஓசை அடங்கவில்லை. அது வளர்ந்து மாமியாரின் குரலையே மூழ்கடித்தது.

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். குறைக்கலாமா என்று குமிழை நோக்கி அவன் விரல் போனது.

"குறைக்காதீங்க மாப்பிள்ளை!" என்றார். மைக்கில்தான். கூடமே கேட்டுச் சிரித்தது. கொட்டாவி விட்டவர் எழுந்து நின்று கை தட்டினார். முன்வரிசையில் அவன் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மாமியார் மைக்கை இன்னும் நெருக்கமாகப் பிடித்து, சுருதியை ஒரு படி ஏற்றிச் சரணத்தைத் தொடங்கினார். அவரைப் பிடிக்க அவன் விரல்கள் கிட்டாரின் கழுத்தின்மேல் ஓடின.