ஆணி அடிக்காத தளம்

1

இந்தக் கதை ஓர் ஆய்வறிக்கையின் ஓரத்தில் பிறந்தது. "தளத்தில் ஆணி இல்லை. வேலை முடியவில்லை" என்று அதில் எழுதியிருந்தது. அசாமின் மாஜுலித் தீவில் பதினாறு வெள்ளம் பார்த்தவன் நான். படித்ததும் சிரித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பிரம்மபுத்திரா அன்று அமைதியாக ஓடிக்கொண்டி—"

வேண்டாம். ஆறு அமைதியாக இருந்தால் இங்கே எவரும் கதை கேட்க மாட்டார்கள், மீன் பிடிக்கப் போய்விடுவார்கள்.

இன்னொன்று: கட்டடக்கலை படித்த அஞ்சுமணி டோலே, தன் ஊர்க் கரையில் ஊராட்சி அலுவலகம், நூலகம், மருந்தகம், சந்தை எல்லாவற்றையும் ஒரே மூங்கில் வளாகமாகத் தூண்கள்மேல் நிறுத்தினாள். இங்குள்ள மிசிங் பழங்குடியினரின் வீடுகளைப்போல, தளத்தைத் தூண்களோடு பிரம்பால்தான் கட்டியிருந்தாள். தண்ணீர் ஏறினால் பிரம்பை அவிழ்த்துத் தளத்தை ஒரு முழம் உயர்த்திக்கொள்ளலாம்.

சரி, இதுவே இருக்கட்டும்.

3

ஆய்வுக்கு வந்த பொறியாளர் நிரோத் சலிஹா தளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஊஞ்சலாட்டம் ஆடுது?"

"ஆடுனாத்தான் சார் நிக்கும்."

"கதை விடாத. ஆணி அடி. ஒரு வெள்ளம் பார்ப்பேன். இது அடிச்சுட்டுப் போச்சுன்னா கான்கிரீட்தான். அப்புறம் இந்தக் கரையில மூங்கில்னு யாரும் வாயத் திறக்கக் கூடாது."

[இவரை வில்லனாக்க ஆசைதான். ஆனால் வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலங்களைக் கண்ணால் பார்த்தவர், பாவம்.]

தச்சர் டங்கேஸ்வர் மிலி அவள் பக்கம் குனிந்தார். "அடிச்சுட்டு, அவரு படகு ஏறினதும் புடுங்கிடலாமா தங்கச்சி?"

"வேணாம் அண்ணா. அவரு கண்ணு முன்னாலயே ஆணியில்லாம நிக்கட்டும்."

இவ்வளவு தைரியசாலியை நானே நம்பவில்லை. அதனால் ஒரு வரி சேர்க்கிறேன்: அவள் பையில் ஒரு கிலோ ஆணி வாங்கி வைத்திருந்தாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

4

ஆடி மாத வெள்ளம் விடியலில் வந்தது. தண்ணீர் தளத்துக்கு ஒரு சாண் கீழே. நாற்பது பேர்* இடுப்பளவு நீரில் நின்று, கூடம் கூடமாகப் பிரம்பை அவிழ்த்தார்கள்.

"புத்தக அலமாரிய எறக்கலயா?" என்றார் டங்கேஸ்வர்.

"எங்க எறக்க, ஆத்துலயா? தூக்குங்கண்ணா!"

தூக்கினார்கள். மருந்தகத்து மூலை முனகியது. அஞ்சுமணியின் கை ஆணிப் பையைத் தேடிப் போய்விட்டது. அதற்குள் மூலையும் ஏறி, தூணில் மேலே போட்ட பிரம்புக் கட்டின்மேல் உட்கார்ந்தது, ஒரு மருந்துக் குப்பிகூடச் சாயவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பத்து மணிக்கு மருந்தகம் வழக்கம்போலத் திறந்தது.

* மிகைப்படுத்தவில்லை. என்னையும் சேர்த்தால் நாற்பத்தொன்று.

5

மதியம் ஒரு படகு வந்தது. தலையில் கோப்பு மூட்டையோடு நிரோத் சலிஹா. அவருடைய கான்கிரீட் அலுவலகத்தில் மேசை வரை தண்ணீர்.

"பாத்து ஏறுங்க சார்," என்றார் டங்கேஸ்வர். "ஏணியிலயும் ஆணி இல்ல."

அவருக்கு அரிசி மதுவும் சுட்ட மீனும் வந்தன. சொட்டும் மழைக்கோட்டை எங்கே மாட்டுவது என்று விழித்தார். அஞ்சுமணி பையைத் திறந்து, தூணில் ஓர் ஆணி அடித்தாள்.

"நீங்க கேட்டது சார்."

பிறகு அவர் எழுதிய அந்தப் பழைய ஆய்வறிக்கையை அவர்முன் விரித்து வைத்தாள். அவர் பேனாவைத் திறந்தார்.

அவர் எழுதியதை நான் மூன்று விதமாக எழுதி அடித்துவிட்டேன். ஜெயித்தவள் பக்கம் நின்று தளத்தைத் தூக்கியவன் நான், என் தீர்ப்பு ஒருதலையாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதுங்கள். அந்த மழைக்கோட்டு காய்வதற்குள்.