பின் சக்கரத்துக் காற்று

டிக்கியிலிருந்து ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்தான் நிதீஷ். பிறகு ஜாக்கி, ஸ்பேனர் பை, மகள் ஷ்ரவ்யாவின் வார் அறுந்த செருப்பு, ஒரு குடை, நூல் தீர்ந்த காலிக் கோன்கள் ஏழெட்டு. தினமும் ஓடுகிற காருக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கும். போட்டிக்குத் தயார் செய்வதென்றால் முதல் வேலை அந்தக் குடும்பத்தை இறக்கிவிடுவதுதான். எடை குறைந்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஒன்பது வருஷப் பழைய சிவப்பு ஸ்விஃப்ட் அது. திங்கள் முதல் சனி வரை அவன் மனைவி லோகப்பிரியா அதில்தான் துடியலூரிலிருந்து சோமனூருக்குப் போய், தன் அப்பா அரங்கசாமியின் விசைத்தறிக் கூடத்தைப் பார்த்துவிட்டு வருவாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ். காலி மைதானத்தில் கோன் வைத்து, வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஓட வேண்டும். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒரு கோனை இடித்தால் இரண்டு நொடி தண்டம். இதற்கென்று தனி வண்டி வேண்டாம். சனிக்கிழமை காய்கறி ஏற்றிய கார் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓடலாம். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டலாம்.

இந்தத் தடவை லோகப்பிரியாவின் பெயரை அவளைக் கேட்காமலே கொடுத்திருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு காரியத்துக்கு இது பரிகாரம் என்று அவனாக நினைத்துக்கொண்டான். வாயால் சொல்ல வேண்டியதை ஸ்பேனரால் சொல்லிவிடலாம் என்று நம்புகிற ஆண்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. நிதீஷ் அவர்களில் ஒருவன்.

வண்டியை உக்கடத்தில் யாகூப் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனான். இருபது வருஷமாகக் கார் வேலை பார்க்கிறவர் யாகூப். பிரேக் ஆயிலை மாற்றினார், பேடு புதிதாகப் போட்டார், கைப்பிரேக் கம்பியை இழுத்துக் கட்டினார், முன் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்தார். கடைசியில் காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பின்னால எத்தன வெக்கறதுங்க தம்பி? உங்களுக்கா, அம்மணிக்கா?"

"அவளுக்குங்க பாய். முப்பது போதும்."

யாகூப் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "வண்டிய செட் பண்ணிப்போடலாமுங்க. அம்மணி ஏறோணுமல்ல?"

நிதீஷ் பர்ஸை எடுத்துப் பணத்தை எண்ணினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அப்படித்தான் குறுகுறுத்தது.

ஒரே வண்டிதான், ஆனால் இருவருக்கும் பின் சக்கரக் காற்று வேறு வேறு. நிதீஷுக்கு நாற்பத்திரண்டு வேண்டும். டயர் கல் மாதிரி இருந்தால் பின்பக்கம் பிடிப்பு விட்டு, திருப்பத்தில் வால் சட்டென்று சுற்றி வரும். அது அவனுக்குப் பழக்கம், பிடித்தமும் அதுதான். லோகப்பிரியாவுக்கு அது ஆகாது. பதினெட்டு வயதிலிருந்து நூல் மூட்டை ஏற்றிய ஆம்னி வேனைச் செம்மண் தடத்தில் ஓட்டிப் பழகியவள். பின்பக்கம் தரையை விடாமல் பிடிக்க வேண்டும் அவளுக்கு. அப்படிப் பிடித்தால், எந்தத் திருப்பத்திலும் அவள் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கமாட்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன், முதல் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தறிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் நூல் கோன்களை நட்டுவைத்து இருவரும் பழகினார்கள். நேரம் பார்த்தவர் யாகூப். நிதீஷைவிட லோகப்பிரியா இரண்டு நொடி குறைவு. மறுபடி ஓடினார்கள். மறுபடியும் அவளே.

"தம்பி, வண்டிய நீங்க செட் பண்ணுங்க. ஓட்டறத அம்மணிகிட்ட உட்டுருங்க," என்றார் யாகூப். தறிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நிதீஷும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பதினாறு வயதிலிருந்து கார் பைத்தியம் பிடித்து அலைந்தவன் அவன். அவளோ நூல் மூட்டை இறக்கப் போனவள்.

போட்டியன்று கார் ராலிப் பந்தய அணி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்கள் பிரிவில் முதலாவதாக வருகிறவருக்கு ஒரு வருஷம் தங்கள் வண்டியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். லோகப்பிரியாவுக்கு அப்போது முப்பது வயது. அதற்கு முந்தின இரவு அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "கெடச்சா போலாமுங்களா மாமா?" என்று நாலு தடவை கேட்டாள். "போலாம் கண்ணு" என்று நாலு தடவையும் சொன்னான்.

முதலில் அவன் ஓடினான். ஓட்டம் சுமார்தான். பிறகு அவள் முறை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"மாமா, பின்னால காத்து எறக்கிட்டீங்களா?"

காற்று அளக்கும் கேஜ் அவன் கையில்தான் இருந்தது. குனிந்து இறக்க இரண்டு நிமிஷம் ஆகும், நேரமும் இருந்தது. தான் வேலை பார்க்கும் துடியலூர்ப் பட்டறையில் பம்பு உதிரிப்பாகங்களை மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிகிறவன், அளவு என்றால் உயிரை விடுகிறவன். அவன்தான் சொன்னான்.

"எறக்கியாச்சு. போ."

யோசித்துச் சொன்னானா என்றால் இல்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது. கொடி அசைவதற்கு முன் கையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை.

கடைசி யு திருப்பத்தில் கார் பம்பரமாகச் சுற்றியது. மூன்று கோன் பறந்தது, இன்ஜின் நின்றது. லோகப்பிரியா இறங்கி வந்து, உடைந்த பம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள்: "என்ற தப்புங்க மாமா. ஸ்டீரிங்க எச்சா ஒடிச்சுப்போட்டேன்."

"பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றான் அவன். இதைத்தான் அவனால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. பொய் சொன்னதைவிட, அவளுடைய மன்னிப்பை வாங்கிக்கொண்டது.

இடம் தேஜஸ்ரீ என்ற பெண்ணுக்குப் போனது. மறு வருஷம் அவள் படம் பேப்பரில் வந்தது. "நல்லா ஓட்டறா," என்று லோகப்பிரியா படித்துவிட்டு மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்த அணியே கலைந்து போயிற்று. லோகப்பிரியா போட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. காரை மட்டும் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை காற்று அடிப்பதைக்கூட அவனிடம் விடாமல் அவளே பங்க்கில் நின்று அடித்துக்கொள்வாள். தனக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் அவன் நினைத்தான்.

வியாழக்கிழமை சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னான். கோபப்படுவாள், மாட்டேன் என்பாள் என்று பத்து பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான். அவள் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"டிக்கிய காலி பண்ணினது அதுக்குத்தானுங்களா?"

"ஆமா."

"செரிங்க, வாரேன். காத்து மட்டும் நானே பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். நிதீஷுக்குப் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. பாரம் இறங்கவே இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

மைதானம் சோமனூருக்கு இந்தப்பக்கம், பழைய செங்கல் சூளை இருந்த இடம். முப்பது முப்பத்தைந்து வண்டிகள். பெண்கள் பிரிவு முதலில் என்று மைக்கில் சொன்னார்கள். லோகப்பிரியா கைப்பையைத் திறந்து ஒரு கேஜை எடுத்தாள். நிதீஷ் அதை உற்றுப் பார்த்தான். புதுசில்லை அது. ரப்பர் உறை ஓரமெல்லாம் தேய்ந்து, கண்ணாடியில் கீறல் விழுந்து, பல வருஷம் பையிலேயே கிடந்து பழகின கேஜ். வீட்டில் ஒரு கேஜ்தான் உண்டு, அது தன்னுடையது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

அவள் முன் சக்கரங்களைப் பார்த்தாள். பின்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். முப்பது. அந்தப்பக்கம் போனாள். அதுவும் முப்பது.

நிதீஷ் அவளருகே போய் நின்றான். இன்றைக்கும் சொல்லவில்லையென்றால் சாகும்வரை சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"பிரியா. அன்னைக்கு நான் காத்து எறக்கல."

அவள் வால்வு மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"தெரியுமுங்க. நாப்பத்திரண்டு இருந்துச்சு."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கேதான். ஊட்டுக்குப் போறப்ப கருமத்தம்பட்டி பங்க்ல வண்டிய நிறுத்தச் சொன்னேனல்ல. நீங்க உள்ளயே ஒக்காந்து போன் பாத்துட்டிருந்தீங்க. காத்து புடிக்கறவரு கேஜப் பாத்துட்டு, ஏனுங்க இத்தன வெச்சு ஓட்டறீங்கன்னு கேட்டாரு."

நான்கு வருஷம். அவனுக்கு எதிரே நின்று தோசை ஊற்றி, அவன் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை இருவரும் மாறி மாறித் தோளில் போட்டு நடந்து, இத்தனைக்கும் நடுவில் அந்த எண் அவளுக்குள் இருந்திருக்கிறது.

"ஏன் கண்ணு கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்." மூடியை இறுக்கிவிட்டு எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "மறந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதுமுங்க மாமா. நம்பியிருப்பேன். நம்பறதுக்குத் தயாரா இருந்தேன்."

பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். "மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி விட்டுத்தான் கேட்டாள். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"இல்ல," என்றான் நிதீஷ். "நீ ஜெயிச்சிருவியோன்னு பயமா இருந்துச்சு."

லோகப்பிரியா தலையை ஆட்டினாள். அழவில்லை, கோபமும் காட்டவில்லை. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள்.

அன்று அவள் ஓட்டியதை என்னவென்று சொல்வது? ஒரு கோன் ஆடவில்லை. எந்தத் திருப்பத்திலும் பின்பக்கம் தரையை விடவில்லை. பழைய யு திருப்பம் மாதிரியே ஒன்று கடைசியில் இருந்தது. அதில் அவள் வேகத்தைக் குறைத்த மாதிரியே தெரியவில்லை. பெண்களில் அவள்தான் முதல். எல்லாரும் ஓடி முடித்தபோது, ஆண்களையும் சேர்த்து அவளைவிட வேகமாக முடித்தவர்கள் இரண்டே பேர். தகரக் கொட்டகைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். யாகூப் பாய் விசில் அடித்தார். தட்டுகிறவர்களின் நடுவே ராலி அணி எதுவும் இல்லை. ஒரு கேடயமும் ஒரு சால்வையும்தான். முப்பது வயதில் கிடைத்திருக்க வேண்டியது முப்பத்திநாலில் கிடைத்தால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான். நிதீஷ் கையைத் தட்ட முடியாமல், காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன பாழாக்கினோம் என்பது இப்போதுதான் அவனுக்குக் கண்ணால் தெரிந்தது.

அடுத்து அவன் பிரிவு. ஓடவே வேண்டாம், பெயரை அடித்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தான். அதற்குள் லோகப்பிரியா காரை ஓரமாக நிறுத்தி, கால் பம்பை எடுத்து, பின் சக்கரத்தில் மாட்டியிருந்தாள். புடவைக்கு மேல் போட்டிருந்த அவன் பழைய சட்டையின் கையை மடித்துவிட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்தது. கேஜை வைத்துப் பார்த்தாள், இன்னும் நாலு மிதி மிதித்தாள், மறுபடி பார்த்தாள். பிறகு அந்தப்பக்கம் போனாள். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"நான் அடிச்சுக்கறேன் பிரியா," என்று அருகே போனான்.

"கம்முனு இருங்க. எண்ணு தப்பிப்போகும்."

முடித்துவிட்டுப் பம்பை ஓரமாக வைத்தாள். சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் நாப்பத்திரண்டு. பாத்துட்டேன். நம்பி ஏறுங்க."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை. தினமும் டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது இருக்கிற அதே முகம்.

நிதீஷ் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். அவனுடைய கேஜ் டேஷ்போர்டிலேயே கிடந்தது. கொடிக்காரர் இன்னும் கையைத் தூக்கவில்லை. இறங்கிப் பார்க்க நேரம் இருந்தது. அவன் இறங்கவில்லை. இறங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கொடி மங்கலாகத் தெரிந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.