மூன்றாவது றக்அத்

கணவர் லத்தீப் கட்டிலிலிருந்து அழைத்தபோது முஷ்ரிபா பிற்பகல் அஸர் தொழுகையின் நான்கு சுற்றுகளில் மூன்றாவது றக்அத்தில் நின்றாள்.

"ரிபா."

பக்கவாதம் வந்த பதினான்கு மாதங்களில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல், அவள் பெயரின் பின்பாதி, அது. தண்ணீருக்கும் அதுதான், உடுத்திய சாரம் நனைந்ததற்கும் அதுதான், சும்மா மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கும் அதுதான். ஒவ்வொரு முறையும் தொழுகையை முறித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். வந்து மறுபடி முதலிலிருந்து 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டும்போதே இடுப்பு கெஞ்சும். அன்று போகவில்லை. ஒரேயொரு தொழுகையாவது முழுசாக இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றாள். இரண்டாவது முறையும் அழைத்தார். அதன்பிறகு குரல் வரவில்லை. பலகைத் தரை அதிர்ந்தது.

தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுக்காமலேயே ஓடினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். தேயிலைத் தோட்டத்து மேல் லயத்திலிருந்து பகலில் ஒத்தாசைக்கு வரும் ரெங்கம்மாதான் கால்பக்கம் பிடித்துத் தூக்கினாள்.

"நெத்தியில சிராய்ப்புதாங்கம்மா. பயப்படாதீங்க."

அதற்குப் பிறகு மூன்று நாட்கள் முஷ்ரிபா தொழவில்லை. பசறைப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்க் கழுவிய சட்டியையே கழுவினாள். களைப்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். களைப்புதான். ஆனால், யாரும் கூப்பிடாத ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நாளும் முஸல்லா விரிப்பில் போய் நின்றேனோ என்ற நினைப்பு வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

நாலாம் நாள் ரெங்கம்மா கேட்டேவிட்டாள்.

"இப்ப நீங்க தொழுவுறதில்லையாங்க?"

"அவர் கூப்புடுவார் ரெங்கம்மா. போகாம எப்புடி நிக்கிற?"

"எம் புள்ளைக்குக் காச்சல் அடிச்சப்போ இடுப்புல வச்சுக்கிட்டேதாங்க சாமி கும்பிட்டேன். உங்க வழியில அது ஆகாதுங்களா?"

நபியவர்கள் பேத்தியைத் தோளில் சுமந்தபடி தொழுத செய்தியை முஷ்ரிபாவே மத்ரஸாப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அன்று அஸருக்கு இருவருமாகக் கட்டிலை இழுத்துத் தொழும் திசையான கிப்லாப் பக்கம் நீளவாட்டில் போட்டார்கள். அதை ஒட்டியே முஸல்லாவை விரித்தாள். வெளியே நமுனுகுல மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி, ஜன்னல் வெள்ளையாகியிருந்தது.

"ரிபா."

"அல்லாஹு அக்பர்," என்று அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக் குனிந்தாள். அவர் அமைதியானார். அடுத்த றக்அத்தில் மறுபடி அழைத்தார். மறுபடி அதே சொல்லால் பதில் கொடுத்தாள். யாருக்குச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

கடைசி ஸுஜூதில் நெற்றி தரையில் பட்டபோது, கட்டிலிலிருந்து சரிந்த கையொன்று அவளுடைய முக்காட்டின்மேல் விழுந்தது. சூடாகவும் பாரமாகவும் இருந்தது. எழுவதற்கு முன் ஓத வேண்டிய மூன்று தஸ்பீஹும் முடிந்துவிட்டன. அவள் நான்காவதைத் தொடங்கினாள்.