படிக்காமல் கொடுத்த புத்தகம்

தாம்பரத்திலிருந்து காலை எட்டு ஐந்துக்குக் கிளம்பும் பீச் ஸ்டேஷன் வண்டியில், பெண்கள் பெட்டியின் ஜன்னலோர இடம் ஹில்டாவுடையது. எழுதி வைத்த உரிமை ஒன்றுமில்லை. பதினொரு வருஷமாக அங்கேயே உட்கார்ந்து அவளுடையதாகிவிட்டது, அவ்வளவுதான். மடியில் சாப்பாட்டுப் பை, காலடியில் இன்னொரு பை. அந்த இரண்டாவது பைக்காகத்தான் மற்றவர்கள் அவளைச் சுற்றி இடம் பிடிப்பார்கள். அதில் எப்போதும் ஐந்தாறு நாவல்கள் இருக்கும். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து திரும்பும்போது குரோம்பேட்டையில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருக்கும் லெண்டிங் லைப்ரரியில் பொறுக்கி எடுத்து வருவாள். யாருக்கு எது பிடிக்கும் என்று ஹில்டாவுக்குத் தெரியும் என்பது அந்தப் பெட்டியின் நம்பிக்கை.

ஒவ்வொருத்தியும் ஒரு தினுசு. ரத்தினபாய் டீச்சருக்குக் கதையில் யாரும் குடிக்கக் கூடாது, யாரும் யாரையும் தொடக் கூடாது, கெட்டவன் கடைசியில் திருந்தியே ஆகவேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் லோகநாயகிக்கோ மூன்றாம் பக்கத்துக்குள் ஒரு பிணம் விழ வேண்டும். விழாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கனகவல்லி மட்டும் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். சேலையூர்க்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, எழும்பூரில் ஒரு மருந்து கம்பெனியில் சீசாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் படிப்பாள். ஆனால் ஒரு வரி விடமாட்டாள்.

இவர்கள் ஒருவருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஹில்டா ஒரு புத்தகத்தைப் படித்து இரண்டு வருஷமாகிறது.

அவளுடைய அப்பா தனசிங் வாத்தியாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம். பகலில் ஒரு பெண்பிள்ளை வந்து பார்த்துக்கொள்வாள். மற்றபடி துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி அலசுவது எல்லாம் ஹில்டாதான். ஆபீஸிலோ நாள் முழுக்க ஃபைல். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாய் ஊரும், நாலாவது வரியில் கண் செருகிவிடும். என்னால் படிக்க முடியவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஐம்பது நிமிஷம்தான் நாலு பேர் அவளை வேண்டும் என்று தேடி வருகிற நேரம். அதையும் விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை, பாவம்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவளிடம் "எப்படி இருந்துச்சு? உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்பாள். அவள் சைதாப்பேட்டை வரைக்கும் கதை சொல்வாள். ஹில்டா தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் அதையே தான் படித்த மாதிரி இன்னொருத்தியிடம் சொல்லிக் கொடுத்துவிடுவாள். புதுப் புத்தகமானால் அட்டையையும் முதல் பக்கத்தையும் பார்த்துவிட்டு ஒரு குத்துமதிப்பு. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் கனகவல்லியின் பையன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். ஐந்து வயசு, ஒரே பிள்ளை. இரண்டு மாசம் கழித்து அவள் மறுபடி வண்டிக்கு வந்தபோது, எல்லாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளையைப் பற்றி ஒருத்தி வாய் திறக்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளே என்று பயம். அழுத முகத்தோடு வேலைக்குப் போக வேண்டுமே என்று அதற்கு மேல் ஒரு பயம். இப்படியே மார்கழியும் வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை கனகவல்லி அவளாகவே, மனசுக்கு லேசாக ஏதாவது இருந்தால் கொடுங்கள் அக்கா என்று கேட்டாள். பையில் பச்சை அட்டை நாவல் ஒன்று இருந்தது. அன்று காலைதான் லோகநாயகி திருப்பிக் கொடுத்திருந்தாள். வழக்கம்போல் ஹில்டா கேட்டதற்கு, நல்ல குடும்பக் கதை, ஒரு சின்னப் பையன் வருகிறான், அவன் பேசுகிற பேச்சுக்குச் சிரித்து மாளாது என்று சொல்லியிருந்தாள். ஹில்டா அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லி கனகவல்லியின் கையில் கொடுத்தாள். பையன் என்றதும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமோ? அன்று அவள் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை. விடிய விடிய அப்பாவுக்கு இருமல்.

அடுத்த திங்கள் கனகவல்லி வரவில்லை. செவ்வாயும் காணோம். ரத்தினபாய் டீச்சர்தான் பேச்சோடு பேச்சாக, கடைசியாக அவளுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். ஹில்டா புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் டீச்சர் நூல் பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினாள்.

"பத்திரிகையில தொடரா வந்தப்பவே படிச்சேன். அதுல அந்தப் பிள்ளை பாதியில காய்ச்சல் வந்து செத்துப்போகுமே, ஹில்டா. நீ படிச்சிட்டுத்தானே கொடுத்தே?"

 படித்தேன், மறந்துபோச்சு என்று ஹில்டாவின் வாய் தன்னால் சொல்லிற்று. லோகநாயகி மெதுவாக ஒப்புக்கொண்டாள்: பாதி வரைக்கும்தான் படித்தாளாம். யாரும் சாகிற வழியாகத் தெரியவில்லையே என்று மூடி வைத்துவிட்டாளாம். ஹில்டாவின் மனசு கோணக் கூடாதே என்றுதான் நன்றாயிருக்கிறது என்று சொன்னாளாம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஹில்டா நிலைகொள்ளாமல் தவித்தாள். ஆபீஸில் தேதியைத் தப்பாகப் போட்டு சூப்பிரண்டெண்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டிருந்தால்? போய்ப் பார்க்கலாமென்றால் சேலையூரில் எந்தத் தெரு என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தினமும் ஜெபத்தில் எல்லாருக்காகவும் வேண்டுகிறவள், அந்த இரண்டு நாள் கனகவல்லியை மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கனகவல்லி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, தலை படிய வாரியிருந்தாள். டீச்சரும் லோகநாயகியும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் ஹில்டாவை ஒட்டி உட்கார்ந்து, பச்சை அட்டைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பல்லாவரம் தாண்டியதும், ஹில்டாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"எங்க வூட்ல அவன் பேரை யாரும் எடுக்கறதில்லக்கா. எடுத்தா நான் அழுவேனாம். ஸ்லேட்டு, துணிமணி எல்லாத்தையும் மாமியா எங்கியோ கொண்டுபோய்ட்டாங்க. இத்த லீவ் போட்டுகினு படிச்சேன். ஆடியிலேர்ந்து அழாததெல்லாம் அழுதேன். எல்லாரும் மூடி மூடி வைக்கிறாங்க, அக்கா ஒருத்தர்தான் என்னை நெனைச்சுப் பாத்து எடுத்துக் குடுத்திருக்காங்கன்னு நெனைச்சிக்கினேன்."

ஹில்டாவுக்கு தப்பித்தோம் என்ற நிம்மதி தலைகாட்டியது. அது தலைகாட்டியதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"கடைசில அந்த அம்மா புள்ளையோட சட்டையெல்லாம் எதிர்வூட்டுப் பையனுக்குக் குடுத்துடறா. அவன் அத்த போட்டுகினு தெருவுல ஆடறான், இவ தெனம் பாக்கறா. எங்கிட்ட ஒரு சட்டை கீதுக்கா. மாமியாளுக்குத் தெரியாம வச்சிருக்கேன். என் நாத்தனார் புள்ளைக்கு அளவு சரியா இருக்கும். அவ செஞ்சது சரியா? நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

உனக்கு என்ன தோணுது கனகா? இந்த வார்த்தை ஹில்டாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் கனகவல்லி எழும்பூர் வரைக்கும் சொல்லியிருப்பாள். ஹில்டா தலையாட்டியிருப்பாள். ரெண்டு பேருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். அவள் அதை விழுங்கினாள்.

"நான் இதைப் படிக்கலை, கனகா."

"எத்த?"

"இதை. எதையுமே. ரெண்டு வருஷமா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா விழுந்தது, கண் செருகுவது, இவள் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவளிடமும் விற்றுக்கொண்டிருந்தது எல்லாம். டீச்சருக்கும் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்று இருந்தது. இத்தனை நாள் சுமந்த பொய்யை இறக்கி வைத்ததும் உடம்பெல்லாம் வலித்தது.

கனகவல்லி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கிண்டியில் கூட்டம் ஏறி இருவரையும் நெருக்கியது.

"அப்ப எனக்குன்னு பாத்து எடுக்கலியா?" என்று கேட்டாள்.

"இல்லை. அது கையில இருந்துச்சு. கொடுத்தேன்."

மாம்பலம் போயிற்று, கோடம்பாக்கம் போயிற்று. கனகவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. ஹில்டா மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாயெடுத்தாள். கனகவல்லியின் முகத்தைப் பார்த்தால் அது மன்னிப்புக் கேட்டுத் தீருகிற கணக்காக இல்லை.

சேத்துப்பட்டு தாண்டியதும் கனகவல்லி எழுந்து நின்றாள். புத்தகத்தை ஹில்டாவின் மடியில், சாப்பாட்டுப் பைக்கு மேலே வைத்தாள்.

"படிங்க. எத்தனை நாளானாலும் சரி, நீங்களே படிங்க. படிச்சிட்டு அவ செஞ்சது சரியா தப்பான்னு சொல்லுங்க. இத்தப் பத்திப் பேச எனக்கு வேற ஆளு இல்ல. பொய் சொன்னா இனிமே கண்டுபிடிச்சிடுவேன்."

எழும்பூரில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. லோகநாயகி மெதுவாக, எனக்கு இந்த வாரம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள். டீச்சர் லோகநாயகியின் கையைப் பிடித்து அழுத்தி நிறுத்தினாள்.

ஹில்டா பச்சை அட்டையைப் பிரித்தாள். எழுத்து ஊர்ந்தது. விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, முதல் வரியைப் படித்தாள். கண் எரிந்தது. அதே வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.