பெர்னார்ட் கடையில் ஒரு பூஜை

புரட்டாசி முதிர்ந்துவிட்டது. மழை பெய்வதுமில்லை, ஓய்வதுமில்லை; ஈரம் காற்றிலேயே நின்று, மரங்களின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரின் வெளிச்சம் அந்நாட்களில் கோயில் உட்பிராகாரத்து வெளிச்சம் போன்றது. நண்பகலிலும் விளக்கேற்றத் தோன்றும். சாலையெங்கும் உடைத்த பூசணிக்காய்கள் குங்குமம் பூசிக் கிடந்தன. பேருந்துகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மணப்பெண்களைப் போல் நின்றன.

இந்தச் சரஸ்வதி பூஜை நாளில்தான் சிவசங்கரன் வேலூரிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்திருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் நுழைவதே அவருடைய யாத்திரை. தேடியது ஒன்றே: தேவியின் மேல் பாடிய பழம்பதிகங்களுக்கான உரை ஒன்றின் இரண்டாம் பாகம். முதலும் மூன்றும் வீட்டில் இருந்தன. ஓதும்போதெல்லாம் நடுவிலிருந்த அந்த வெற்றிடம் அவர் மனத்தை இடறியது.

"வந்துடுச்சு சார். இன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் வெச்சிருக்கேன். நாளைக்கு ஹெப்பகோடிலேருந்து ப்ரஹ்லாத்னு ஒருத்தர் வராரு" என்று கடைக்காரர் பெர்னார்ட் போனில் சொல்லியிருந்தார்.

பூஜை நாளில் புத்தகம் தொடலாகாதே என்று தயங்கினார். பிரிக்காமல் வாங்கிப் பையில் வைத்தால் படித்ததாகாது என்று தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டு ரயிலேறினார்.

கடையில் யாருமில்லை. நடு மேசையில் புத்தகங்களை அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அதன்மேல் ஒரு சாமந்திச் சரம். சிவசங்கரன் திகைத்தார். சுவரில் ஏசுநாதர் படம். மேசையில் கலைமகள் பூஜையா? என்றாலும் கை தானே குவிந்தது. செருப்பைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்த கோயில் குங்குமத்தை எடுத்துத் துணியில் பொட்டு வைத்தார். கண்மூடி ஒரு பதிகம் முழுவதும் சொன்னார்.

கண்திறந்தபோது பெர்னார்ட் டீ கிளாஸுடன் எதிரே நின்றார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பூஜை வெச்சிருக்கீங்களே, அதான்..."

"பூஜையா? மேல ஒழுகி சுண்ணாம்பு கொட்டுது சார். அதுக்குப் போட்ட பெட்ஷீட் இது. உங்க புக்கு அடியிலதான் இருக்கு, எடுத்துக்கோங்க."

"அப்ப அந்தப் பூ?"

கடையைப் பெருக்கும் முத்தம்மா உள்ளிருந்து வந்தாள். "என்னுது சாமி. வீட்டுப் படத்துக்கு வாங்கினேன். துடைப்பம் எடுக்கணும்னு அங்க வெச்சேன்."

"எடுத்துக்கோம்மா" என்றார் சிவசங்கரன்.

"நல்லா இருக்கே! பொட்டு வெச்சி, பாட்டும் படிச்சிட்டீங்க. அம்மாவுக்குக் குடுத்த பூவை நான் தூக்கினு போறதா?"

"இதென்ன கூத்து! என் பெட்ஷீட்டு சார் அது. இழுத்துடவா?" என்றார் பெர்னார்ட்.

"தொடாதீங்க!"

சொன்னபின் சிவசங்கரனுக்கே குழப்பமாயிற்று. பூஜை என்று எண்ணியது பிழை. சொன்ன பதிகமும் பிழையா? அழைத்ததற்குத் தேவி வந்து அமர்ந்திருந்தால்? மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை அடுக்கைக் கலைக்கலாகாது.

"காலைல நானே வந்து எடுத்துக்கலாமா?"

"ப்ரஹ்லாத் எனக்கு முன்னாடியே வாசல்ல நிப்பாரு சார். வாக்கு குடுத்துட்டேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

துணியின் கீழ்ப்பக்கம் தடித்த புத்தகம் ஒன்று புடைத்துத் தெரிந்தது. அதுவாக இருக்குமோ? விரல் நீட்டினார். மடக்கினார். மறுபடி நீட்டினார். பதிகத்தின் கடைசி அடி இன்னும் நாவிலேயே இருந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ப்ரஹ்லாதே எடுத்துக்கட்டும். நான் கும்பிட்டதை நானே கலைக்கறதா?"

"உங்களை எனக்குப் புரியலை சார்."

"எனக்கும்தான்."

அப்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு துணியின் மேல் விழுந்தது. சிவசங்கரன் தம் குடையை விரித்து, அடுக்கின் மேல் சொட்டு விழாதபடி மேசையோரம் சாய்த்து நிறுத்தினார். குனிந்து வணங்கிவிட்டு, வெறுந்தலையோடு தூறலில் இறங்கினார்.

முத்தம்மா வாசல்வரை வந்தாள். "அந்தப் பொஸ்தகம் யார் வீட்டுக்குப் போனாலும் உங்க வாயில பாட்டு ஓயக் கூடாது சாமி. நல்லா இருங்க!"