அழாமல் ஒரு நிமிடம்

சட்டையைத் தூக்கினாலே பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். என் வேலையே சட்டையைத் தூக்குவதுதான். இருமலும் சளியுமாக வரும் சின்னப் பிள்ளைகளின் வயிறு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை எழும்பித் தாழ்கிறது என்று எண்ணி டாக்டரிடம் சொல்ல வேண்டும். எண்ணிக்கை அளவை மீறினால் நிமோனியாவாக இருக்கலாம். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் அழுகிற பிள்ளைக்கு மூச்சு தானாகவே எகிறும், அந்தக் கணக்கு செல்லாது. முழு நிமிடமும் அது அமைதியாக இருக்க வேண்டும். ஊரே உட்கார்ந்து இருமுகிற கூடத்தில் எந்தப் பிள்ளை அமைதியாக இருக்கும்? சாவிக்கொத்தை ஆட்டுவேன், கன்னத்தை உப்பிக் காட்டுவேன், பூனை மாதிரி கத்துவேன். இதற்குத்தான் நர்ஸ் படிப்பு படித்தாயா என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சாயங்காலம் காதுக்குள் அழுகைச் சத்தம் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அன்று கதவைச் சாத்துகிற நேரத்தில் அவர் வந்தார். சுவருக்கு வண்ணம் பூசுகிறவர். முடியிலும் முழங்கையிலும் வெள்ளைப் புள்ளிகள். தோளில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வரும்போதே குழந்தையைத் தட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தார், நான் கேட்டதற்குப் பதில் சொல்லும்போதும் ஆட்டம் நிற்கவில்லை. ஆடுகிற குழந்தையிடம் நான் எதை எண்ணுவது? கொஞ்சம் ஆடாமல் நில்லுங்கள் என்றேன்.

"நின்னா அழுவாக்கா. ராத்திரியிலேருந்து நடந்துக்கிட்டேதான் இருக்கேன்."

மனைவிக்கு ஆலையில் இரவு வேலை. மாற்று ஆள் வராததால் பகலிலும் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். இரண்டு நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் மதியத்துக்கு மேல் அழுகை நின்றுவிட்டது, அதனால் தேவலை போலத்தான் தெரிகிறது, மனைவி போனில் திட்டினாளே என்றுதான் தூக்கி வந்தேன் என்றார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

சுவரோரப் பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். முதுகு சுவரில் பட்டதுதான் தாமதம், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டார். குழந்தை அவர் நெஞ்சில் குப்புறக் கிடந்தது, அதுவும் சத்தமே இல்லை. நாள் முழுக்க எனக்கு வாய்க்காத அமைதி அது. எழுப்ப மனம் வரவில்லை. கவுனைக்கூடத் தூக்காமல், அந்தச் சின்ன முதுகையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து எண்ணினேன். இருபத்து நான்கு. இந்த வயதுக்கு நாற்பதைத் தொட்டால்தான் கவலை. கொஞ்சம் குறைவுதான், தூங்குகிற பிள்ளை அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் இரண்டும் கெஞ்சின. அந்த எண்ணை நம்பினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நம்பினேன்.

டாக்டரம்மா கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். எண்ணைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்புங்கள், காலையில் மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். நான் அப்படிச் சொன்னால் அவர் வேறென்ன சொல்வார்?

மருந்துப் பாட்டிலோடு திரும்பி வந்தேன். பெஞ்சில் குழந்தையின் அப்பா தூக்கத்திலேயே நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அவர் நெஞ்சு உயர்ந்தபோது குழந்தையும் சேர்ந்து உயர்ந்தது, இறங்கியபோது சேர்ந்து இறங்கியது. நான் எண்ணியது அப்பாவின் மூச்சை.

போர்வைக்கு மேலே எண்ணாதே, பால் குடிக்கும்போது எண்ணாதே என்று புதிதாக வருகிற பெண்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக் கொடுப்பவள் நான். அப்பாவின் நெஞ்சில் வைத்து எண்ணாதே என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துக் குழந்தையைத் தூக்கினேன். இதோ வீறிடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உடம்பு கொதித்தது. தலை என் முழங்கையில் துவண்டு சாய்ந்தது. கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தது, மூடிக்கொண்டது. அழவில்லை.

"அழுடி கண்ணு," என்றேன். "ஒரே ஒரு தடவை அழுடி."

கவுனை விலக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. சின்னச் சின்ன மூச்சு, ஒன்று முடிவதற்குள் அடுத்தது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோது நிமிடத்தில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

அதன்பின் எல்லாமே மளமளவென்று நடந்தது. டாக்டரம்மா ஓடிவந்து ஒரே பார்வை பார்த்தார். உள்ளே படுக்க வைத்து ஆக்சிஜன் வைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். இருபத்து நான்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"அவங்க அப்பாவ எழுப்புங்க," என்றார் டாக்டர்.

கூடத்துக்கு வந்தேன். பெஞ்சில் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைப் புள்ளி படிந்த கை மட்டும் தூங்கவில்லை. குழந்தை இல்லாத தன் நெஞ்சை மெதுவாக, தாளம் தவறாமல் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.