ஜெரால்டைப் பர்மனென்ட் ஆக்கிய தீர்மானம்

மனித குலம் எதை எத்தனை நாள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆதிகாலக் கேள்விக்கு, நெய்வேலி நகரியத்து மின்செய்தி மன்றம் இறுதி விடை கண்டுவிட்டது என்பதை இங்கே பெருமிதத்தோடு பதிவு செய்கிறேன். விடை: பத்து நாள். தலைவரின் உரைகளை மட்டும் எக்காலமும்.

மன்றம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இன்டர்நெட் போன் கம்பி வழியாக வந்த காலத்தில் சிலர் சேர்ந்து ஒரு சர்வர் வைத்தார்கள். அதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குழு. யாராவது ஒரு கட்டுரை போட்டால் மற்றவர்கள் அவரவர் குவார்ட்டர்ஸிலிருந்தே படித்துப் பதில் போடலாம். ஊரே வாட்ஸ்அப்புக்குப் போன பிறகும், ரிட்டயரான பத்துப் பதினைந்து பேர் மட்டும் இதை விடவில்லை. சர்வர், கிளப்பின் கேரம் அறைக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் இதுவரை எதையும் அழித்ததில்லை. அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

தலைவர் பன்னீர்செல்வம் சர்வீஸில் பெரிய இன்ஜினியர். ஓய்வுக்குப் பிறகு உரையாற்றுவதை முழுநேரமாக எடுத்துக்கொண்டார். கேட்க ஆள் வராததால் உரைகளை மன்றத்தில் ஏற்றி வந்தார். ஒருநாள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது. உடனே சர்வரில் இடம் நிரம்பிவிட்டது என்று அறிவித்து, பத்து நாளுக்கு மேற்பட்டதையெல்லாம் அழிக்கக் கிளப்பில் அவசரக் கூட்டம் கூட்டிவிட்டார். நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் செயலாளர் தைரியநாதன். தலைவர் சொன்னதைச் சரிபார்ப்பது அவருடைய வழக்கத்தில் இல்லை.

இந்தக் கூட்டத்துக்குப் பயந்துபோய் வந்தவர் ஒருவர்தான். சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்த தாஜுதீன்.

தாஜுதீனும், கான்ட்ராக்ட் தொழிலாளியான ஜெரால்டும் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். எப்போதோ போன சுற்றுலாவில் சேத்தியாத்தோப்பு அருகே பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளியபோது தாஜுதீன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார் என்பது ஜெரால்டின் கட்சி. இல்லை, நானும் தள்ளினேன் என்பது தாஜுதீனின் கட்சி. இதை வைத்து இருவரும் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தொல்லை தாங்காமல் மன்றம் ‘தகராறு’ என்று ஒரு தனிக் குழுவையே அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. போன மழைக்காலத்தில் தாஜுதீன், “இனி உன்னோடு பேச்சில்லை” என்று எழுதினார். ஜெரால்டு பதில் போட்டார். கோபத்தில் இருந்த தாஜுதீன் அதைத் திறக்கவில்லை. அந்த வாரமே ஜெரால்டு நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பதிலின் தலைப்பு, இன்னும் படிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக, தாஜுதீனின் திரையில் தடித்த எழுத்தில் நிற்கிறது. தலைப்பு மட்டும்தான் அவரிடம் இருக்கிறது. உள்ளே எழுதியிருப்பது சர்வரில். திறந்தால்தான் வரும்.

“ரெண்டு பேரு போட்ட சண்டைய எதுக்கு பாய் காப்பாத்தணும்?” என்றார் தலைவர். “சரித்திரமா அது?”

“ஒண்ணே ஒண்ணு இன்னும் படிக்கலீங்க.”

“இப்பவே போய் படிச்சிட்டு வாங்களேன். அரை நிமிசம்.”

“படிச்சிட்டா, அப்புறம் அவன்கிட்டேர்ந்து எதுவும் வராதுங்களே.”

கேரம் காய் அடிக்கும் சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. ரிட்டயரான டீச்சர் உமாராணி போண்டாவைத் தட்டில் வைத்தார்.

“அந்த மனுசன் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்லயே ஓடிட்டாரு சார். செத்த பொறவாவது பர்மனென்ட் பண்ணி வுடுங்க.”

கான்ட்ராக்ட் தொழிலாளர் நிறைந்த இந்த ஊரில் ‘பர்மனென்ட்’ என்ற சொல்லுக்கு எதிராக யாரும் கை தூக்குவதில்லை. ‘தகராறு’ குழு நிரந்தரம் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தாஜுதீன் அன்றுதான் போண்டாவை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். ஜெரால்டின் முதல் வருஷ நினைவுத் திருப்பலியன்று திறந்து படிப்பேன் என்று எல்லோரிடமும் சொன்னார்.

தீர்மானத்தைச் சர்வரில் ஏற்ற, தைரியநாதன் அதற்குரிய ஃபைலைத் திறந்தார். தலைவர் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“என் வரி எங்க?”

“நாலாவதா வச்சிருக்கேங்க சார்.”

“நாலாவதா? எனக்கு மேல யாரு?”

“யாரும் இல்லீங்க. ஏதோ இங்கிலீஷ் குறிப்பு. ஃபைல எப்படி எழுதணும்னு போட்டிருக்கான்.”

“தலைவருக்கு மேல குறிப்பு என்னய்யா குறிப்பு? எடுங்க அத.”

எடுத்தார். முதல் வரியில் தலைவர் உரைகள்: எக்காலமும். அடுத்து ‘தகராறு’: எக்காலமும். கடைசியில், கல்யாணப் பந்தியில் தெரியாதவர்களை உட்கார வைப்பதுபோல, மற்ற எல்லாக் குழுக்களும்: பத்து நாள்.

அழிக்கப்பட்ட குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: சர்வர் மேலிருந்து கீழாகப் படிக்கும், ஒரு குழுவுக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் கீழே இருப்பதுதான் செல்லும். ‘மற்ற எல்லாம்’ என்பதற்குத் தைரியநாதன் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார். அந்த நட்சத்திரத்துக்கு ‘மற்ற’ தெரியாது. ‘எல்லாம்’ மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் தலைவர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, தம் உரைகளைக் காணவில்லை என்று கத்தினார். தாஜுதீன் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தலைப்பு தடித்த எழுத்தில் அப்படியே இருந்தது. அதை முதன்முறையாகத் திறந்தார். இந்தக் கட்டுரை சர்வரில் இல்லை என்று வந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தார். அதுவே வந்தது.

ஜெரால்டின் மனைவி டெய்சி, மேல்பட்டாம்பாக்கத்தில் மகளோடு இருந்தார். தாஜுதீன் பஸ் பிடித்துப் போனார்.

“அவரு கம்ப்யூட்டர்ல இருக்குமாம்மா?”

“அத பேரனுக்கு குடுத்தாச்சுங்க பாய். எல்லாத்தையும் அழிச்சிட்டு கேம் போட்டு வச்சிருக்கான்.”

“என்ன எழுதினான்னு ஏதாச்சும் சொன்னானா?”

டெய்சி யோசித்தார். “சொல்லலீங்க. சிரிச்சிக்கினே தட்டிக்கினு இருந்தாரு. என்னான்னு கேட்டேன். பாய் படிக்கட்டும்னாரு.”

டெய்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் தாஜுதீன் கிளம்பினார். நெய்வேலி வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கிளப்புக்குப் போனார். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காணாமல்போன உரைகள் அத்தனையையும் நினைவிலிருந்தே மீண்டும் ஆற்றப்போவதாகத் தலைவர் அறிவித்திருந்தார். முதல் உரை தொடங்கியிருந்தது. காப்புப் பிரதி எடுக்கும் தீர்மானத்தைப் போன வருஷமே ஒத்திவைத்திருந்தார்கள் என்பது யாருக்கோ நினைவுக்கு வந்தது. அவர் அதைச் சொல்லாமல் விட்டார்.

தைரியநாதன் பின்னறையில் சர்வர் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்தார். தாஜுதீனைப் பார்த்ததும் எழுந்தார்.

“போனது போவட்டும் தைரியம்,” என்றார் தாஜுதீன். “எடமாவது கெடச்சிதா?”

தைரியநாதன் அன்றுதான் இடக் கணக்கைத் திறந்து பார்த்தார். சர்வரில் முக்கால்வாசி இடம் முன்பும் காலியாகத்தான் இருந்திருக்கிறது.